நிலைவட்டும் நினைவும்

நுழையும்முன்

ஓலையில் எழுதினோம், தாளில் அச்சிட்டோம், இன்று காந்தப் பூச்சில் பதிந்து வைக்கிறோம். பதியும் பொருள் மாறியபோதும், பதிந்ததை இழந்துவிடுவோமோ என்னும் அச்சம் மாறவில்லை. மடிக்கணினி ஒருநாள் தொடங்க மறுத்தால் பழுதைக் கண்டறிவது எப்படி? கருவியை முதலில் காப்பதா, கருவிக்குள் இருக்கும் செய்தியை முதலில் காப்பதா? இவ்வினாக்களுக்குப் பழவேற்காட்டுக் கரையில் நின்று விடை தேடுகிறது இக்கட்டுரை.

ஏரிக்கரையில் ஒரு காட்சி

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கில் அமைந்துள்ளது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்குள்ளது. தமிழ்நாடும் ஆந்திரமும் இவ்வேரியைப் பகிர்ந்துகொள்கின்றன. டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டில் இங்குக் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். ஏரியை நம்பியும் கடலை நம்பியும் வாழும் மீனவர் குப்பங்கள் பல இக்கரையில் உள்ளன. மீன்வளம் மிக்க இடங்களில் யார், எந்நாளில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கம் இம்மக்களிடையே தொன்றுதொட்டு நிலவுகிறது. இவ்வழக்கத்தின் நுட்பங்களுள் பெரும்பகுதி முதியோரின் நினைவில் வாழ்வது.

இக்குப்பங்களுள் ஒன்றில் பதினோராம் வகுப்பு பயிலும் மாணவி ஒருத்தி இருக்கிறாள் என எண்ணிக்கொள்வோம். தமிழ்ப்பாடச் செயல்திட்டத்திற்காக அவள் தன் தாத்தாவின் பேச்சைச் செல்பேசியில் பதிவு செய்கிறாள். வலைகளின் பெயர்கள், மீன்களின் பெயர்கள், வாடை, கொண்டல் எனக் காற்றின் பெயர்கள், நீரோட்டத்தை அறியும் முறை, பாடு பிரித்த கதை என ஐந்து பதிவுகள் சேர்கின்றன. செல்பேசியில் இடம் போதாமையால் அவற்றை வீட்டிலுள்ள பழைய மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு, செல்பேசியில் இருந்தவற்றை அழித்துவிடுகிறாள். மார்கழியில் தாத்தா இயற்கை எய்துகிறார். தையில் ஒருநாள் காலை மடிக்கணினியின் பொத்தானை அழுத்துகிறாள். உருவாக்கிய நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றி மறைகிறது. பின்னர்க் கருந்திரையில் வெண்ணிற எழுத்துகளில் ஒரு வரி மட்டும் நிற்கிறது: ‘நோ பூட்டபிள் டிவைஸ்’. தொடங்குதற்குரிய சாதனம் எதுவும் இல்லை என்பது அதன் பொருள்.

மடிக்கணினியை விலைக்கு வாங்கலாம். தாத்தாவின் குரலை எங்கும் வாங்க இயலாது. ஆகவே, அடுத்து அவள் செய்யும் ஒவ்வொரு செயலும் எண்ணிச் செய்யவேண்டியதாகிறது.

வட்டு இயங்கும் விதம்

பழுதைக் கண்டறிய, பழுதில்லாக் கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பொத்தானை அழுத்தியதும் கணினியின் தாய்ப்பலகையில் உள்ள ‘பயாஸ்’ என்னும் சிறு நிரல் விழித்தெழுகிறது. அது நினைவகம், விசைப்பலகை, திரை முதலிய உறுப்புகளைச் சோதித்த பின் இயங்குதளம் எங்கே உள்ளது எனத் தேடுகிறது. பெரும்பாலான பழைய மடிக்கணினிகளில் இயங்குதளம் இருக்கும் இடம் நிலைவட்டு. மக்கள் வழக்கில் அதனை ‘ஹார்டு டிஸ்க்’ என்பர். இயங்குதளம் நிலைவட்டிலிருந்து நினைவகத்திற்கு வந்து சேர்ந்த பின்னரே நாம் காணும் முகப்புத்திரை தோன்றும். நிலைவட்டு விடையளிக்காவிடில் பயாஸ் தன் தேடலை நிறுத்திவிட்டு, மேற்கண்ட வரியைத் திரையில் இடுகிறது.

நிலைவட்டினுள் காந்தப் பூச்சுடைய வழவழப்பான தகடுகள் சுழல்கின்றன. மடிக்கணினிக்குரிய பல வட்டுகள் நிமிடத்திற்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுற்றும். தகட்டின் விளிம்பு மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மிகுந்த விரைவில் செல்லும். அதன்மேல், காற்றின் மெல்லிய படலத்தில் மிதந்தபடி, படிப்புமுனை செய்தியைப் படிக்கவும் எழுதவும் செய்கிறது. தகட்டுக்கும் முனைக்கும் இடைப்பட்ட வெளி, மனிதரின் தலைமுடித் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் கண்ணுக்குத் தெரியாத தூசியும் அவ்வெளியில் ஒரு பாறையே.

இதனால் நிலைவட்டுக்கு வரும் கேடுகளை எளிதில் உணரலாம். இயங்கிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தாலோ பலமாகக் குலுங்கினாலோ முனை தகட்டில் உரசக்கூடும். ஆண்டுகள் செல்லச் செல்லச் சுழற்றும் பொறி தேயும். தகட்டின் சில பகுதிகள் படிக்க இயலாதனவாகும். கடற்கரையில் இன்னொரு காரணமும் உண்டு. உப்பும் ஈரமும் கலந்த காற்று இணைப்பு முனைகளில் அரிப்பை உண்டாக்குகிறது. அரித்த முனையில் மின்சாரம் சீராகப் பாயாததால், நலமான வட்டும் பழுதான வட்டுபோலத் தோன்றுவதுண்டு.

தெரியுமா?

1956ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் நிலைவட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுடைய 50 தகடுகள் இருந்தன. ஏறத்தாழ ஒரு டன் எடையுடைய அக்கருவி 50 இலட்சம் எழுத்துகளைச் சேமித்தது. இன்று செல்பேசியில் எடுக்கும் ஓர் ஒளிப்படத்திற்கே அவ்விடம் போதாமற்போகலாம்.

பழுதைக் கண்டறியும் படிகள்

மருத்துவர் நோயாளியை வெளியிலிருந்து உள்நோக்கி ஆராய்வதுபோல, கணினியையும் எளிய சோதனையில் தொடங்கி அரிய சோதனை வரை படிப்படியாக ஆராய வேண்டும்.

முதற்படி, மின்சாரம் வருகிறதா எனக் காணல். பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை எனில், ஐயம் கொள்ளவேண்டியது மின்னேற்றியையும் மின்கலத்தையுமே, நிலைவட்டை அன்று. மின்னேற்றியைப் பிடுங்கி, கழற்றக்கூடிய மின்கலமாயின் அதனையும் கழற்றி, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வெளியேறிய பின், மின்னேற்றியை மட்டும் இணைத்துத் தொடங்கிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி, திரையைக் காணல். விளக்கும் விசிறியும் இயங்கியும் திரை இருண்டிருந்தால், பழுது திரையிலோ நினைவகத்திலோ இருக்கலாம். கைவிளக்கைத் திரையின்மேல் சாய்த்துப் பிடித்தால், மங்கலாக எழுத்துகள் தெரிகின்றனவா என அறியலாம். தெரிந்தால், திரையின் பின்னொளி மட்டுமே பழுது.

மூன்றாம் படி, சின்னம் தோன்றிய பின் நிற்கும் கணினியை ஆராய்தல். நம் மாணவியின் கணினி இவ்வகையைச் சார்ந்தது. சின்னம் தோன்றியமையால் தாய்ப்பலகை, நினைவகம், திரை ஆகியன செயற்படுகின்றன என ஊகிக்கலாம். இப்போது முதலில் காணவேண்டியது, பென் டிரைவ் ஏதேனும் செருகப்பட்டுள்ளதா என்பதே. சில கணினிகள் அதனைத் தொடங்குசாதனமாகக் கருதி, அதில் இயங்குதளத்தைத் தேடி ஏமாந்து நிற்கும். அதனை நீக்கியதும் கணினி இயல்பாகத் தொடங்கினால், பெரும் அச்சம் ஒரு சிறு செயலால் தீர்ந்தது எனலாம்.

நான்காம் படி, பயாஸ் பக்கத்தைக் காணல். கணினி தொடங்கும்போதே ‘எஃப் 2’ அல்லது ‘டெலீட்’ விசையை விட்டுவிட்டு அழுத்தினால் பல கணினிகளில் அப்பக்கம் திறக்கும். இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலில் நிலைவட்டின் பெயர் உள்ளதா எனக் காண வேண்டும். பெயர் இருந்தால், வட்டு ஓரளவேனும் உயிருடன் உள்ளது; இயங்குதளம் சிதைந்திருக்கலாம், அல்லது வட்டின் சில பகுதிகள் கெட்டிருக்கலாம். பெயர் இல்லையெனில், இணைப்பு தளர்ந்திருக்கலாம், அல்லது வட்டே செயலிழந்திருக்கலாம். அந்நிலையில் மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, அடிப்பக்க மூடியைத் திறந்து, வட்டைக் கழற்றி மீண்டும் இறுக்கமாகப் பொருத்திப் பார்ப்பது பயன்தரும். பழக்கமில்லாதோர் இதனைத் தேர்ந்தவர் துணையுடன் செய்தல் நன்று.

ஐந்தாம் படி, காதால் கேட்டல். நலமான வட்டு மெல்லிய சீரான ஒலியையே எழுப்பும். ‘டிக், டிக்’ என ஒரே சீரில் திரும்பத் திரும்ப ஒலித்தால், படிப்புமுனை தன் இடத்தைக் காணாமல் தடுமாறுகிறது எனப் பொருள். உரசும் ஒலியோ இதனினும் கொடிது. இவ்வொலிகளைக் கேட்டால் உடனே கணினியை நிறுத்திவிட வேண்டும். வட்டு சுழலும் ஒவ்வொரு நொடியும் தகட்டில் கீறல் கூடலாம்.

ஆறாம் படி, வேறு வழியில் தொடங்கல். ஒலியில் கேடு இல்லையெனில், லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்ட பென் டிரைவ் மூலம் கணினியைத் தொடங்கலாம். இம்முறையில் கணினி நிலைவட்டின் உதவியின்றியே இயங்கும். அவ்வாறு செவ்வனே இயங்கினால், பிற உறுப்புகள் நலமே, பழுது நிலைவட்டிலோ அதில் உள்ள இயங்குதளத்திலோதான் என்பது உறுதியாகும். மேலும், நிலைவட்டில் உள்ள கோப்புகளைக் காணும் வாய்ப்பும் அப்போது கிட்டும்.

முதலில் மீட்பு, பிறகு சீரமைப்பு

கோப்புகள் கண்ணில் பட்டதும் பலர் செய்யும் பிழை, வட்டைச் சரிசெய்ய முற்படுவதாகும். பழுதுநீக்கும் நிரலை ஓட்டுதல், இயங்குதளத்தை மீண்டும் நிறுவுதல், ‘ஃபார்மேட்’ செய்தல் ஆகியன எல்லாம் வட்டில் புதிதாக எழுதும் செயல்கள். எழுதும்போது பழைய செய்தியின்மேல் புதிய செய்தி படியக்கூடும். தளர்ந்த வட்டு அவ்வுழைப்பைத் தாங்காமல் முற்றிலும் நின்றுபோதலும் உண்டு. ஆகவே, மீட்கும் வரை அவ்வட்டில் ஓர் எழுத்தும் எழுதக் கூடாது.

மீட்பதிலும் ஒரு வரிசை உண்டு. மீண்டும் பெற இயலாதவை முதலில். எங்கும் கிடைக்கக்கூடியவை கடைசியில். குடும்பப் படங்கள், குரற்பதிவுகள், தாமே எழுதியவை ஆகியவற்றை முதலில் வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோ படியெடுக்க வேண்டும். திரைப்படமும் விளையாட்டும் பின்னர் வரட்டும். கெட்ட பகுதிகள் மிகுந்த வட்டாயின், ‘டிடிரெஸ்க்யூ’ போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உதவும். அது எளிதில் படிக்க இயலும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, இடர் தரும் பகுதிகளுக்குப் பின்னர்த் திரும்பி வரும்.

செய்யத் தகாதவை சிலவும் உள. வட்டின் மூடியை வீட்டில் திறத்தல் கூடாது. உட்புகும் தூசியே அதனை அழித்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வட்டு சரியாகும் என்பாரும் உளர். வெளியே எடுத்தவுடன் படியும் நீர்த்துளிகள் கேட்டையே விளைவிக்கும். தட்டுதலும் ஆட்டுதலும் கூடா. ஒலியெழுப்பும் வட்டில் விலைமதிப்பற்ற செய்தி இருக்குமானால், தூசியற்ற அறையில் வட்டைத் திறந்து மீட்கும் வல்லுநரிடம் ஒப்படைப்பதே வழி. அதற்குச் செலவு மிகுதி. எனவே, அச்செய்தியின் அருமையை எண்ணி முடிவெடுக்க வேண்டும்.

மீட்பு முடிந்த பின் கருவியைச் சீரமைப்பது எளிது. பழைய வட்டைக் கழற்றிவிட்டுப் புதிய வட்டைப் பொருத்தி இயங்குதளத்தை நிறுவினால், மடிக்கணினி மீண்டும் பயன்படும். இக்காலத்தில் பலரும் அசையும் உறுப்புகள் இல்லாத எஸ்எஸ்டி வகை வட்டைப் பொருத்துகின்றனர். அது விரைவானது, அதிர்ச்சியைத் தாங்க வல்லது. எனினும், அதுவும் ஒருநாள் கெடும். ஒலியெழுப்பும் உறுப்பு அதில் இல்லாமையால், முன்னறிவிப்பின்றியே நின்றுபோதலும் உண்டு.

விண்ணிலிருந்து வீழ்ந்த வட்டு

பழவேற்காடு ஏரியையும் வங்கக்கடலையும் பிரித்து நிற்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1971 முதல் ஏவூர்திகள் விண்ணுக்குச் செல்கின்றன. விண்ணோக்கிச் செல்லும் தீப்பிழம்பை இக்கரை மக்கள் தம் ஊரிலிருந்தே காண்கின்றனர். விண்வெளிப் பயணத்தோடு தொடர்புடைய நிகழ்வொன்று நிலைவட்டின் இயல்பை நமக்கு நன்கு விளக்குகிறது.

2003ஆம் ஆண்டு பிப்ரவரி 1 அன்று, கொலம்பியா விண்ணோடம் புவிக்குத் திரும்பும் வழியில் வானிலேயே சிதறியது. இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் உயிர்நீத்தனர். அவ்விண்ணோடத்தில் செனான் வாயுவைப் பற்றிய ஓர் ஆய்வு நிகழ்த்தப்பட்டிருந்தது. அதன் தரவுகளைச் சுமந்த நிலைவட்டு, பல மாதங்களுக்குப் பின் டெக்சாஸ் மாநிலத்தில் வறண்ட ஏரிப்படுகை ஒன்றில் கிடைத்தது. வெப்பத்தால் உருகிக் கருகிய உலோகத் துண்டாகவே அது காட்சியளித்தது. எனினும், உள்ளிருந்த தகடுகள் பெரிதும் தப்பியிருந்தன. வல்லுநர்கள் அவற்றைத் தூய்மை செய்து, வேறொரு கருவியில் பொருத்தி, ஏறத்தாழ 99 விழுக்காடு தரவுகளை மீட்டனர். அவ்வாய்வின் முடிவு 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது.

வட்டு நின்றுபோனாலும் அதில் பதிந்த செய்தி உடனே அழிந்துவிடுவதில்லை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. பதற்றத்தில் நாம் செய்யும் செயல்களே பல வேளைகளில் அதனை அழிக்கின்றன.

படியெடுக்கும் மரபு

செய்தியை ஒரே இடத்தில் வைத்துக் காக்க இயலாது என்பதைத் தமிழர் நெடுங்காலம் முன்னரே அறிந்திருந்தனர். பனையோலையைப் பூச்சி அரிக்கும், ஈரம் சிதைக்கும். ஆகவே, ஓலை பழுதுறுமுன் அதனைப் புதிய ஓலையில் படியெடுத்தனர். ஒரே நூலின் படிகள் பல ஊர்களில் இருந்தன. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று தேடியதும் அப்படிகளையே. ஒரு சுவடியில் சிதைந்திருந்த சொல்லை இன்னொரு சுவடியிலிருந்து பெற்று, பல படிகளை ஒப்பிட்டு, 1894ஆம் ஆண்டில் புறநானூற்றைப் பதிப்பித்தார். எனினும், அந்நூலின் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவற்றைக் காத்த படி ஒன்றேனும் எஞ்சியிருந்தால், இன்று நாம் அவற்றையும் பயின்றிருப்போம்.

கணினித் துறையினர் இம்மரபையே இன்று ஓர் எளிய விதியாகக் கூறுகின்றனர். அதற்கு 3-2-1 விதி என்று பெயர். செய்திக்கு 3 படிகள் வேண்டும். அவை 2 வேறுவகைக் கருவிகளில் இருக்க வேண்டும். அவற்றுள் 1 படி வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். மடிக்கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வெளியூர் உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று என வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் படி வேறிடத்தில் இருக்கவேண்டிய காரணத்தை, 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையைக் கண்ட இக்கரைக்கு எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நீர் வீட்டினுள் புகுந்தால், ஒரே அலமாரியில் இருக்கும் மூன்று படிகளும் ஒருசேரவே நனையும்.

மீண்ட குரல்

நம் மாணவியிடம் திரும்புவோம். அவள் கணினியின் பயாஸ் பட்டியலில் வட்டின் பெயர் இருந்தது. தீய ஒலி எதுவும் எழவில்லை. கணினி அறிவியல் ஆசிரியரின் துணையுடன் லினக்ஸ் பென் டிரைவால் தொடங்கி, பிற கோப்புகள் எதையும் தொடாமல், குரற்பதிவுகளை முதலில் படியெடுத்தாள். ஐந்து பதிவுகளுள் நான்கு முழுமையாக வந்தன. காற்றின் பெயர்களைக் கூறும் ஐந்தாம் பதிவு பாதியில் நின்றுவிட்டது. வட்டின் கெட்ட பகுதியில் அதன் பிற்பாதி அமைந்திருந்தது.

விடுபட்ட பெயர்களைத் தேடி அவள் தாத்தாவின் தோழர்களிடம் சென்றாள். ஒருவர் சொன்னதை மற்றொருவர் திருத்தினார். ஒருவர் மறந்ததை மற்றொருவர் நினைவூட்டினார். பெயர்கள் பெரும்பாலும் நிறைவுற்றன. தாத்தா அவற்றைச் சொல்லும் குரல் மட்டும் கிட்டவில்லை. அன்று மாலையே ஐந்து கோப்புகளுக்கும் மூன்று படிகள் எடுத்தாள். ஒன்றைப் பள்ளி நூலகத்தில் ஒப்படைத்தாள்.

நம் ஊர்களில் இத்தகைய குரல்கள் இன்னும் பல உள்ளன. திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், முதன்முதலாகக் கணினியைக் கண்ட வீடுகள் பல. அவ்வீடுகளில் சேர்ந்துள்ள எழுத்தும் குரலும் படமும் அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர வேண்டும். வட்டு நின்றபின் மீட்கும் அறிவு தேவை. வட்டு நலமாக இருக்கும் இன்றே படியெடுத்து வைக்கும் பழக்கம் அதனினும் தேவை.

கலைச்சொல் அறிவோம்

நிலைவட்டு – ஹார்டு டிஸ்க்
இயங்குதளம் – ஆபரேட்டிங் சிஸ்டம்
தாய்ப்பலகை – மதர்போர்டு
நினைவகம் – மெமரி
படிப்புமுனை – ரீட் ஹெட்
காப்புப்படி – பேக்கப்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள முதியவர் ஒருவரிடம் அவர்தம் தொழில் சார்ந்த இருபது சொற்களைக் கேட்டுப் பதிவு செய்க. அப்பதிவுக்கு 3-2-1 விதிப்படி படிகள் எடுத்து, எவை எங்கு உள்ளன எனக் குறிப்பெழுதுக.

2. தொடங்க மறுக்கும் மடிக்கணினியை ஆராயும் படிகளை வரைபடமாக வரைந்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

3. ‘ஓலைச்சுவடியைப் படியெடுத்தலும் கணினிக் கோப்பைப் படியெடுத்தலும்’ என்னும் தலைப்பில் ஒற்றுமை வேற்றுமைகளை விளக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.